மகரந்தக் குழாய் என்ன தபால்காரனா?

பிளஸ் டூவில் தாவரவியல் படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "மகரந்தத் தூள் சூலகமுடியில் விழும், முளைக்கும், குழாய் வளர்ந்து சூலை அடையும், ஆண் கேமீட்டுகளை விடும், கருவுறுதல் நடக்கும்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க் வேறு. (பென்சில் கூராக இருக்கணும், அதுதான் முக்கியம்!)

இதில் தப்பாக ஒரு சொல் கூட இல்லை. ஆனால் வேலை செய்கிறதெல்லாம் ஆண் பக்கம்தான் என்கிற மாதிரி ஒரு கதை அதில் ஒளிந்திருக்கிறது. பெண் பாகம்? மாப்பிள்ளை வீட்டார் வருகிற வரைக்கும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கேதான் வண்டி தடம் மாறுகிறது.

பாசிக்கும் பெரணிக்கும் ஆண் செல் நீந்தும். ஜிங்கோ மரத்தில்கூட நீந்துகிறது என்று 1896ல் ஜப்பானின் ஹிராசே கண்டுபிடித்தார். பூக்கும் தாவரத்தின் ஆண் செல்லுக்கு வாலே கிடையாது. குழாய்தான் சுமக்க வேண்டும். சோளக்கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூலை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒட்டிய ஒரு தூள், அளவு சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரே நாளில் 30 செ.மீ. வரை குழாய் விடும். நுனியில் மட்டும் வளர்ந்து, பின்னால் காலோஸ் அடைப்புகளைப் போட்டுக்கொண்டே போகும்.

சரி, வழி எப்படித் தெரிகிறது? பாடப்புத்தகம் "வேதிநாட்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நழுவிவிடும்.

2001ல் ஹிகாஷியாமா குழு டொரேனியா என்கிற பூச்செடியை எடுத்தது. அதில் கருப்பை சூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்க்க வசதி. லேசரால் முட்டைச்செல்லைச் சுட்டார்கள். குழாய் வந்தது. பக்கத்திலிருக்கும் இரண்டு சினர்ஜிட்களையும் சுட்டார்கள். குழாய் வரவேயில்லை! பரீட்சையில் வெறும் "துணைச்செல்கள்" என்று எழுதுகிற அதே இரண்டு பேர்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும் புரதங்களை 2009ல் பிடித்து லூர் என்று பெயரும் வைத்தார்கள்.

வந்த பிறகும் ஆட்டம் பெண் பக்கம்தான். 2007ல் வெளியான ஃபெரோனியா ஆய்வைப் பாருங்கள். இந்தப் புரதம் இருப்பது சினர்ஜிட்டில். அது கெட்டுப்போன சூலுக்குள் நல்ல குழாய் நுழைந்தாலும் நிற்காது, வெடிக்காது, உள்ளேயே சுருண்டு சுருண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண் செல்கள் இரண்டும் அதற்குள்ளேயே சிறை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் குழாயின் நுனி வெடிக்கும், அதை வாங்கிக்கொண்ட சினர்ஜிட்டும் சாகும். ஒரு ஆண் செல் முட்டையோடு, இன்னொன்று மையச்செல்லோடு. இரண்டாவதிலிருந்து வருவதுதான் கருவூண் திசு. நாம் தின்கிற வெள்ளைச் சோறு முழுக்க அதுதான்.

"பசங்களுக்கு இதெல்லாம் பாரம் சார்" என்பார்கள். அப்படியா? நேர்சூல், தலைகீழ்ச்சூல், இன்னும் என்னென்னவோ சூல் வகைகளை உருப்போட வைக்கும்போது பாரமாக இல்லையா? "புது ஆராய்ச்சி, பாடத்துக்கு வர நாளாகும்" என்பது அடுத்த சாக்கு. 1962ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் காந்தா, ரங்கசாமி, மகேஸ்வரி மூவரும் அபினிச் செடியின் சூல்களைத் தனியே எடுத்து, குழாய்க்குள் வளர்த்து, மேலே மகரந்தம் தூவி விதை வரவழைத்தார்கள். சூலகமுடியும் இல்லை, தண்டும் இல்லை! அதைக்கூட வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நெல் பூக்கும் அந்த ஓரிரு மணி நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாது, கொட்டியதும் ஒழுங்காக முளைக்காது. கதிர் சாவியாகிவிடும். வயலில் நிற்பவருக்கு இது தெரியும். அவர் வீட்டுப் பிள்ளை அதே நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்து படத்துக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கும்.