போசனின் மனைவிக்கும் ஒரு பயணம்

சரக்குக் கப்பலில் மனைவியை உடன் அழைத்துச் செல்ல அனுமதி உண்டு. ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் அது அதிகாரிகளுக்கு மட்டும்தான். சில கம்பெனிகளில் கேப்டன், சீஃப் என்ஜினியர் போன்ற மேல்நிலையினருக்கு மட்டும். டெக்கில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவருக்கும், என்ஜின் அறையில் எண்ணெயோடு கிடக்கிறவருக்கும், கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும் சோறு பொங்கும் பண்டாரிக்கும் பெரும்பாலும் அது எட்டுவதில்லை. நான் நாகர்கோவில்காரி, மரைன் என்ஜினியர் ஒருவரின் மனைவி. அவரோடு மாதக்கணக்கில் கப்பலில் வாழ்ந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது குளச்சலிலும் முட்டத்திலும் இனயத்திலும் இருக்கிற கப்பல்காரர் மனைவிகளுக்கும் ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கணவனும் மனைவியும் கப்பலில் என்றதும் பலருக்கும் கண்ணில் வருவது சொகுசுக் கப்பல். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா கப்பல் கிளம்பிய பிறகு நம் ஊரிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. நான் இருந்தது இரும்புத்தாது ஏற்றும் பல்க் கேரியர். பிரேசிலின் டுபரோ துறைமுகத்தில் தாது ஏற்றினால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனா போய்ச் சேர ஏறத்தாழ நாற்பது நாள். நாற்பது நாளும் தண்ணீர்தான். துறைமுகத்தில் ஓரிரு நாளில் சரக்கேற்றம் முடிந்துவிடும். கரையில் கால் வைப்பதற்குள் அடுத்த பயணம் தொடங்கியிருக்கும்.

முதல் தடவை கிளம்பியபோது மாமியார் கேட்டார்: “கப்பல்ல போயி நீ என்னட்டி செய்யப் போற?” அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கும் அப்போது பதில் தெரியாது. மருத்துவப் பரிசோதனை, இன்ஷூரன்ஸ், கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி எல்லாம் முடிந்து, சிப்பந்திகள் பட்டியலின் கடைசியில் சூப்பர்நியூமரரி, அதாவது கூடுதல் ஆள், என்று என் பெயர் ஏறியது. பரிசோதனையில் ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது ஏறிய பிறகுதான் புரிந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். சரக்குக் கப்பலில் இருபத்துச் சொச்சம் பேர். காய்ச்சல் வந்தால் மருந்துப் பெட்டியைத் திறப்பவர் செகண்ட் மேட்டோ தேர்ட் மேட்டோ.

அந்த வாழ்க்கைக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஏழரை மணிக்குக் காலைச் சாப்பாடு, எட்டு மணிக்கு அவர் கீழே இறங்கிவிடுவார். பத்து மணி டீக்கு பாய்லர் சூட் உடுப்போடு மேலே வருவார். கேபினுக்குள் டீசல் வாடை அவருக்கு முன்னால் நுழையும். பன்னிரண்டுக்கு மதியச் சாப்பாடு, மாலை ஆறுக்கு இரவுச் சாப்பாடு. கிழக்கே போகப் போக கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள். அன்றைக்குத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். ஞாயிறு மதியம் பிரியாணி, அது இந்தியச் சிப்பந்திகள் உள்ள கப்பல்களில் விட்டுக்கொடுக்காத வழக்கம். தீ அணைப்புப் பயிற்சிக்கும் கப்பலைக் கைவிடும் பயிற்சிக்கும் மணி அடித்தால் நானும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு என் இடத்தில் போய் நிற்க வேண்டும். பண்டாரியிடம் கேட்டு ஒரு ஞாயிறு காலிஃபிளவரில் தீயல் வைத்தேன். வறுத்து அரைக்கத் தேங்காய் இல்லை, ஊரிலிருந்து கொண்டுபோன பொடிதான். தெற்கத்திப் பிள்ளைகள் இரண்டு தடவை சோறு வாங்கினார்கள்.

மாலையில் வானிலை நன்றாக இருந்தால் டெக்கில் நடப்போம். கப்பலின் முன்முனையான அணியத்துக்குப் போய்விட்டால் என்ஜின் சத்தம் கேட்காது. தண்ணீரைக் கிழிக்கிற ஓசை மட்டும் வரும். என் கணவர் வீட்டில் பேசாத பலவற்றை அங்கேதான் பேசினார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இரவுகள். அவர் அப்போது செகண்ட் என்ஜினியர். இப்போதைய கப்பல்களில் இரவில் என்ஜின் அறையில் ஆள் இருக்க மாட்டார்கள். கோளாறு என்றால் முறை என்ஜினியரின் கேபினில் அலாரம் அடிக்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அது அடிக்கும்போது அவர் கண் திறப்பதற்குள் கால் தரையில் இருக்கும். திரும்பி வர ஒரு மணி நேரமாகலாம், விடியலாம். ஒரு முறை ஜெனரேட்டர் நின்று கப்பல் இருட்டில் ஆழ்ந்தது. என்னை எழுப்பியது சத்தமல்ல, சத்தம் நின்றுபோனதுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார். மின்சாரம் வந்த பிறகும் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முழங்கையில் சூட்டுக் காயம். களிம்பு தடவும்போது, “இதை ஃபோனில் சொல்லியிருப்பீங்களா அத்தான்?” என்று கேட்டேன். “சொல்லி என்னத்துக்கு?” என்றார். அதுவரை ஃபோனில் நான் கேட்டதெல்லாம் ‘இங்கே எல்லாம் நல்லாருக்கு’ என்ற ஒரே வாக்கியம்தான்.

எங்கள் ஊரில் கப்பல்காரர் என்றால் லீவுக்கு வந்த மனிதர். புதுச் சட்டை, சென்ட், பிள்ளைகளுக்குச் சாக்லேட், தெருவில் எழும்பும் புது மாடி. அவர் வேலை செய்வதை யாரும் பார்த்ததில்லை, மனைவி உட்பட. லீவில் முதல் பத்து நாள் அவர் விருந்தாளி. அதற்குப் பிறகு மெள்ள உரசல் தொடங்கும். பிள்ளைகளின் பள்ளி, வங்கிக் கணக்கு, மாமியாரின் மருந்து என்று எல்லாவற்றையும் தனியாக நடத்திப் பழகிய பெண்ணுக்கு, திடீரென்று வந்து யோசனை சொல்லும் கணவர் பாரமாகத் தெரிவார். ராத்திரி சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுகிறவரைப் பார்த்து, ‘இவருக்கு என்ன வந்தது?’ என்று தோன்றும். கப்பலில் இருந்துவிட்டு வந்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சண்டை வராமல் இல்லை. ஒரே கேபினில் இருக்கிறவர்கள் சண்டையை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும், மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் உட்கார வேண்டுமே. அந்தப் பழக்கம் கரைக்கு வந்த பிறகும் எங்களிடம் நிற்கிறது.

அந்தக் கப்பலில் போசன் குளச்சல் பக்கத்துக்காரர். டெக்கில் எல்லோரையும் வேலை வாங்குகிறவர், புயலிலும் அணியத்துக்குப் போய் நங்கூரத்தைப் பார்க்கிறவர். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். தனியே பார்த்தால் மைனி. ஒரு நாள் சொன்னார்: “எனக்க பெண்டாட்டி இந்தக் கப்பல போட்டோவுலதான் பாத்திருக்கா மைனி. அலையில ஆடுற வீடியோ அனுப்பினா, அனுப்பாதிய, பயமாருக்குன்னு சொல்லுவா.” குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை. என் கணவரின் ஒப்பந்தத்தைவிட அவருடையது நீண்டது. அதிகாரிகள் பெரும்பாலும் நாலு முதல் ஆறு மாதத்தில் இறங்கிவிடுவார்கள். கீழ்நிலைச் சிப்பந்திகளுக்கு ஒன்பது மாதம் வரை போகும். அதிக நாள் பிரிந்திருப்பவருக்கு மனைவியோடு இருக்க வழியில்லை, குறைந்த நாள் பிரிந்திருப்பவருக்கு உண்டு. இதில் என்ன நியாயம்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2015 அக்டோபரில் இந்தியா ஏற்றுக்கொண்டது. கடலோடிகள் எப்போதாவது ஒரு பயணத்தில் தங்கள் துணையை அழைத்துச் செல்ல, இயலும் இடங்களில் இடம்கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும், இன்ஷூரன்ஸ் எடுக்கக் கப்பல் உரிமையாளர் உதவ வேண்டும் என்றும் அதன் வழிகாட்டுதலில் இருக்கிறது. கடலோடிகள் என்றுதான் இருக்கிறது, அதிகாரிகள் என்று இல்லை. ஆனால் வழிகாட்டுதல் கட்டாயமல்ல. அதனால் கம்பெனிகள் தங்களுக்கு வசதிப்பட்டபடி வைத்துக்கொள்கின்றன.

இடமில்லை என்பதுதான் முதலில் சொல்லப்படும் காரணம். அதே உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்சப் படுக்கை 198 சென்டிமீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம். சிப்பந்தியின் கேபின் சிறியது, உண்மைதான். ஆனால் ஓனர் கேபின், பைலட் கேபின் என்று பல கப்பல்களில் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. லைஃப்போட்டில் இடம் வேண்டும், அதுவும் சரி. ஒரு அதிகாரியின் மனைவிக்கு அங்கே இடம் இருக்கிறதென்றால், அந்த இடத்தை முறைவைத்துப் பகிர்வதில் என்ன தடை? ஒரு கப்பலில் ஒரு நேரத்தில் ஒரு சிப்பந்தியின் மனைவி போதும். ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண் எப்படி என்று கேட்கிறார்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு அங்கே மரியாதைக்குக் குறைவு வந்ததில்லை.

எல்லாப் பயணத்துக்கும் கேட்கவில்லை. 2023 நவம்பரிலிருந்து செங்கடலிலும் ஏடன் வளைகுடாவிலும் கப்பல்கள் தாக்கப்பட்டன. 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட வழியில் யார் குடும்பமும் போகக் கூடாது. தூத்தூர், வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்களின் விசைப்படகுக்கும் இது பொருந்தாது. அங்கே ஆண்களுக்கே படுக்க இடமில்லை. 2017 ஒக்கிப் புயலில் அந்தக் கரைப் பெண்கள் பட்டது வேறு வகைத் துயரம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது கப்பலில் இணையம் வந்துவிட்டதே என்பார்கள். 2024 டிசம்பர் முதல், சிப்பந்திகள் கரையோடு தொடர்பில் இருக்க வசதி தர வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையிலேயே கட்டாயமாகியிருக்கிறது; இயன்றவரை இணையம் தர வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதலில் இருக்கிறது. நல்லதுதான், அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வீடியோ அழைப்பிலும் மனிதர் ‘எல்லாம் நல்லாருக்கு’ என்றுதான் சொல்வார்.

1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதிகளை வகுக்கும்போது இதையும் சேர்க்க வேண்டும்: குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்த எந்தச் சிப்பந்தியும், பதவி எதுவானாலும், தன் துணையை ஒரு பயணத்துக்கு அழைத்துச் செல்லலாம்; இன்ஷூரன்ஸ் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். கப்பல் உரிமையாளர்களோடு கடலோடிச் சங்கங்கள் ஊதிய ஒப்பந்தம் பேசும்போதும் சம்பளத்துக்கு அடுத்த வரியாக இதை வைக்கட்டும். என்னைப் போல் கப்பலேறிய அதிகாரிகளின் மனைவிமார் இந்த மாவட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். நமக்குக் கிடைத்ததைச் சிப்பந்திகளின் மனைவிகளுக்கும் கொடுங்கள் என்று கம்பெனிக்கு முதல் கடிதத்தை நாம் எழுதுவோம்.