முதலில் நாற்காலி வாங்குங்க!

''விஸ்காம் படிக்கிறேன்'', ''அனிமேஷன் சேர்றேன்'' என்று பிள்ளை வந்து நின்றால், பெற்றோரின் முதல் கேள்வி ''வேலை கிடைக்குமா?'' அடுத்தது, ''என்ன, சினிமாவுக்குப் போகப்போறியா?'' சண்டை போட்டு, சமாதானமாகி, கடைசியில் கடன் வாங்கியாவது நல்ல கம்ப்யூட்டர் வாங்கித் தந்துவிடுகிறார்கள். அதன் முன்னால் பிள்ளை எதில் உட்காரப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலி. ஹாஸ்டல் என்றால் கட்டிலேதான்!

படம் போடுகிற படிப்புதானே, உடம்புக்கு என்ன கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அனிமேஷனில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிஷத்துக்கு 1,440. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துச் சிக்கனம் பண்ணினாலும் 720 படம் வரைந்தாக வேண்டும். கை என்னத்துக்கு ஆகும்?

சென்னை ஓவியக் கல்லூரியை 1850-ல் ஆரம்பித்தவர் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் என்ற டாக்டர். அதுபோன்ற கல்லூரிகளில் மாணவர்கள் நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசி வரைவார்கள். நாலு அடி பின்னால் போய்ப் பார்ப்பார்கள். கண்ணுக்கும் முதுகுக்கும் அதுவே ஓய்வு. கம்ப்யூட்டர் ஓவியத்தில் அந்த நடை இல்லை. மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. அங்கே ஒரு குறுகலான பாதை வழியாகத்தான் விரல்களுக்கு நரம்பு போகிறது. அது நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ராத்திரியில்தான் அதிகம். பிள்ளைகள் கையை உதறிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். அப்படியே விட்டால் கட்டைவிரல் அடிச்சதையே மெலிந்துவிடும். இந்தத் தொழிலில் கைதானே முதல்?

கண்ணும் அப்படித்தான். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. எரியாமல் என்ன செய்யும்? 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி, 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கல்லூரியில் சேரும் முன்பே இஷிஹாரா என்ற நிறக்குருட்டுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. சிவப்பு-பச்சை குழப்பம் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். இருந்தால் படிப்பே வேண்டாம் என்பதில்லை. ஒலிப்பதிவு இருக்கிறது, எழுத்து இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து, படத்துக்கு நிறம் திருத்தும்போது தெரியவருவதுதான் கொடுமை.

எனக்குக் கல்லூரிகள் மேல்தான் கோபம். கெமிஸ்ட்ரி லேபில் கோட் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். எடிட்டிங் லேபில் விடிய விடிய உட்கார்ந்தால் 'உழைப்பாளி' என்று பட்டம்! டிஜிட்டல் கலாசாரம் என்ற பாடத்துக்கு ரீல்ஸும் மீம்ஸும் பார்ப்பதே வீட்டுப்பாடம். ''போனை நோண்டாதே'' என்று அம்மா சொன்னால், ''படிக்கிறேம்மா'' என்கிறது பிள்ளை. அது பொய்யும் இல்லை. எவ்வளவு நேரம் போதும் என்று பாடம் நடத்துகிறவர்தான் சொல்ல வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சப்மிஷன் வைப்பதையாவது நிறுத்தலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தால் கலை கெட்டுவிடுமா?

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். விலை அதிகம் வேண்டாம். இடுப்புக்குச் சாய்மானம், உயரம் ஏற்றி இறக்க வசதி, இவ்வளவு போதும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். எட்டவில்லையா? பாட்டி வீட்டு மணைப்பலகை பரணில் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்துக் காலுக்குக் கீழே போடுங்கள்.