உடம்பு நானல்ல... கிட்னி மட்டும் என்னுடையது!

கிரிவலம் போகிற நம்மில் பலர் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கிறோம். ‘நான் யார்?’ வாங்குகிறோம். இந்த உடம்பு நானல்ல என்று படித்து உருகுகிறோம். சரி, மூளைச்சாவு அடைந்த உறவினரின் சிறுநீரகத்தை டாக்டர் கேட்டால்? ‘ஐயோ, உடம்பை அறுக்கவா?’ என்று பதறுகிறோம்.

அப்புறம் கிட்னி எங்கிருந்து வரும்? கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டிலிருந்துதான்!

சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை 2001-ல் சந்தித்து எடுத்த ஆய்வு, 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 71 சதவிகிதம் பெண்கள். 96 சதவிகிதம் பேர் விற்றது கடனை அடைக்க. அடைந்ததா? முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகள். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. 86 சதவிகிதம் பேர், உடம்பு முன்போல இல்லை என்றார்கள்.

‘ஏழைக்குக் காசு கிடைக்குதே, என்ன தப்பு?’ என்கிறவர்களே, நான் காமர்ஸ் படித்தவன். எந்தப் பேரேட்டில் இதை லாபம் என்று எழுதுவீர்கள்?

விற்பனையை 1994-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் மறுபடி அதே கதை.

அடுத்த பௌர்ணமிக்குள் உறுப்பு தானப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். வீட்டிலும் சொல்லி வையுங்கள். கடைசியில் சம்மதம் கேட்கப்போவது அவர்களிடம்தான்.