நண்பன் நம்பிக் கொடுத்த பணம்

பட்டு எடுக்க ஆரணிக்குப் போகிறவர், விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைப்பதுண்டு. குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி பூட்ட விரும்பும் ஆரணி இளைஞருக்கும் அப்படி ஒரு துணை வேண்டும்.

கணினி தறிக்கு அந்நியமானதல்ல. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ விழச் செய்தார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குக்கு ஹோலரித் கையாண்டதும் துளை அட்டையே. பின்னாளில் கணினியும் அதை ஏற்றது.

துணை போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "என்ன ஆட்டம்?" என்பதே. இலேசான ஆட்டமென்றால், கிராபிக்ஸ் வசதி உள்ளடங்கிய பிராசசரே போதும். கனமான ஆட்டமென்றால், செலவில் பெரும்பங்கு தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். பிராசசர் மதர்போர்டில் பொருந்துமா என்று பார்ப்பது அவசியம். 16 ஜி.பி. ராமை இரண்டு எட்டாக வாங்குவது நல்லது. வண்ண விளக்கும் கண்ணாடிப் பெட்டியும் கடைசியில்தான்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது கெட்டால் மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், வீட்டுக்கே தருவித்தாலும், ஒவ்வொன்றுக்கும் பில் வாங்க வேண்டும். பில் இல்லாமல் உத்தரவாதம் கேட்க முடியுமா?

நண்பன் நீட்டும் பணம், தறிக்குழியில் அவன் வீட்டார் பல மாதம் உழைத்துச் சேர்த்ததாக இருக்கலாம். துணை போகிறவர் அதைத் தம் பணமாக எண்ணிச் செலவிட வேண்டும்.