சிறார்க்கு வானத்தைக் காட்டுங்கள்

நமது ஆரம்பப் பாடசாலையொன்றில் ஐந்தாந் தரத்துப் பிள்ளையை எழுப்பி, "சூரியனைச் சுற்றுங் கோள்கள் எத்தனை?" என்று வினவினால், "எட்டு" என்ற விடை தடங்கலின்றி வரும். புதன் முதல் நெப்டியூன் ஈறாகப் பெயர்களும் வரிசை பிசகாமல் வரும். "அவற்றுள் நீ கண்டது எது?" என்று அடுத்த வினாவைத் தொடுத்துப் பாருங்கள், பிள்ளை வாய் திறவாது. வைகறையில் தந்தையோடு கரைவலைக்குச் சென்று விடிவெள்ளியைப் பலமுறை கண்ட பிள்ளையாகவும் அது இருக்கலாம். தான் கண்ட விடிவெள்ளியும் தான் மனனஞ் செய்த வெள்ளிக் கோளும் ஒன்றே என்பதை அதற்கு எடுத்துரைப்பார் இல்லை.

நீதிமன்றத்திற் பழகியோர் இக்குறையை எளிதில் அறிவர். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் விதி. கண்ட விடயமாயின் கண்டவனே வந்து கூறல் வேண்டும். கோள்களைப் பற்றி நம் பிள்ளைகள் கூறுவனவோ பெரும்பாலும் கேள்விச் சாட்சியம். பூமி உருண்டை என்பதும் அது சுழல்கின்றது என்பதும் மெய்யே. ஆயின், "எவ்வாறு அறிந்தாய்?" எனக் கேட்டால், "சேர் சொன்னார்" என்பதற்கு மேல் மறுமொழி கிடையாது. இங்ஙனம் பயின்ற பிள்ளை நாளை வாக்காளனாகி, மேடையில் ஒருவர் முழங்கினார் என்பதற்காக எதையும் நம்புமாயின், பழி யாரைச் சாரும்?

ஆரம்பப் பிரிவில் நெடுங்காலமாக நடந்துவரும் பாடத்தின் பெயர் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்பது. பெயரிலே செயற்பாடு உண்டு. புலமைப்பரிசிற் பரீட்சையின் அச்சத்தால் வகுப்பறையில் அது வினாவிடையாகச் சுருங்கிவிட்டது.

மாங்கேணியை எடுத்துக்கொள்வோம். கிழக்கே தடையற்ற கடல். நகரத்து விளக்கொளி கெடுக்காத இராவானம். பூரணையன்று மேற்கே சூரியன் மறையும் வேளையில் கிழக்கே கடலினின்று முழுமதி எழுவதை இவ்வூர்ப் பிள்ளை வீட்டு வாசலில் நின்றே காணலாம். மறுநாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி அது எழும். ஒரு வாரம் இதைக் குறித்து வந்த பிள்ளைக்கு, சந்திரன் பூமியைச் சுற்றுகின்றது என்பதைச் சொல்லிக்கொடுக்க அதிக நேரம் பிடியாது.

முற்றத்தில் ஒரு கம்பை நேராக நாட்டுங்கள். மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே விழும். ஆனி நண்பகலிலோ தெற்கே விழும். ஏப்பிரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும், ஆகஸ்ட் முடிவை ஒட்டியும் நண்பகலில் நிழலே இராது. சூரியன் நேர் உச்சியில் நிற்பான். சூரியன் தென்திசை சாயுங் காலத்திலேதான் வடகீழ்ப் பருவக்காற்று மாரி மழையைக் கொணர்கின்றது என்பது நம் கமக்காரர் அனைவரும் அறிந்ததே. பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால் விளைவது அது என்று ஆசிரியர் கூறும்பொழுது, தந்தையின் வயலும் பிள்ளையின் புத்தகமும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

பாடநூற் படங்கள் கோள்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி அடுக்கிவிடுகின்றன. அச்சடிப்போர் வேறென் செய்வர்? ஆனால் பாடசாலை வாயிலில் ஒரு மீற்றர் அகலமான வட்டத்தைச் சூரியனாக நிறுத்தினால், பூமி ஒரு கடலையளவினதாய் 107 மீற்றருக்கு அப்பால் நிற்கும். உரித்த தேங்காயளவான வியாழன் அரைக் கிலோமீற்றரையும் கடந்துவிடும். நெப்டியூனைக் கையிலேந்திய பிள்ளை திருகோணமலை வீதியில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். இடையில் உள்ள வெறுமையைக் காலால் அளந்த பிள்ளை அதை மறவாது. செலவு ஒரு பிடி கடலை!

வானத்தையே சாட்சிக்கு அழைத்த வழக்கொன்று இந்நாட்டுத் தமிழர் கல்வி வரலாற்றில் உண்டு. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானநூல் கற்பிக்கப்பட்டது. 1829 மார்ச் 20 ஆந் திகதிச் சந்திரகிரகணம் பற்றி அதன் அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் மாறுபட்டன. இருதரப்பும் அவ்விரவை எதிர்நோக்கின. பூவர் கணித்தவாறே கிரகணம் நிகழ்ந்தது. அப்போட்டியிற் சமயப் பிரசாரமும் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. நாம் கொள்ளத்தக்கது, பெரியோர் சொல்லைப் பெரியோர் சொல்லால் வெட்டாமல், அண்ணாந்து பார்த்துத் தீர்ப்பளித்த முறைமையையே.

தொலைநோக்கி இல்லை, பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லை, தமிழிற் சொல் இல்லை என்பாருமுளர். மூன்றாவதற்கு மட்டக்களப்பு மண் மறுமொழி கூறிவிட்டது. இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகள், அறிவியற் கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்றவர். தொலைநோக்கியோ, மேற்கூறிய எதற்கும் வேண்டியதில்லை. ஆசிரியர் குறைபாடு மட்டுமே மெய்யான தடை. 2004 இன் கடற்கோளும், 2006 இலும் 2007 இலும் வாகரைப் பகுதி பட்ட இடப்பெயர்வும் இன்றைய பெற்றோரிற் பலரின் பள்ளிப் பருவத்தைக் குலைத்தன. வீட்டிற் கேட்டறிய இயலாத பிள்ளைக்குப் பாடசாலையும் கைவிரிக்குமாயின், அது போவதற்கு வேறிடம் இல்லை.

ஆகவே வலயக் கல்விப் பணிமனையிடம் நாம் கேட்கவேண்டியது பெருங் கட்டிடமன்று. மூன்றாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரை, தவணைக்கு ஓர் இரவு, பெற்றோர் உடனிருக்க வானங் காணும் வகுப்பு. ஆரம்பப் பிரிவு ஆசிரியர்க்கு இரண்டு நாட் பயிற்சி. அவ்விரவுக்கு உரிய மேலதிகப் படி. பட்டணத்திலுள்ள வைத்தியர்களும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் தம்மிடமுள்ள இருகண் நோக்கியுடன் ஒருநாள் வந்து போகலாம். ஆறாமீனைக் காட்டுவதற்கு ஊர் மீனவரையே அழையுங்கள். அவரினும் நன்கறிந்தவர் கிடையார். நிழற்கம்பை நாட்டுவதற்கு எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே நாட்டிவிடலாம்.