வாழப்போகிறவர் யார்?

சொந்த வீடு என்னும் ஆசை நம் குடும்பங்களில் பெரும்பாலும் கடல் கடந்த ஊரில்தான் பிறக்கிறது. ரியாத்திலோ, துபாயிலோ, ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்துறங்கும் சகோதரர், விசிறிக் காற்றைப் பார்த்துக்கொண்டே தம் ஊரின் மலையை நினைக்கிறார். விடுமுறையும் அவருக்கு ஆனி, ஆடியில்தான் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருந்தாலும், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று பாய்கிறது. சாரல் முகத்தில் படுகிறது. அந்த நேரம் தரகர் ஒருவர் ஊருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர் அழைத்துச் சென்று, மேகம் படிந்த மலையைக் காட்டி, "இதுதான் உங்கள் மனை" என்கிறார். ஒரு வாரத்தில் முன்பணம் கைமாறிவிடுகிறது.

சகோதரரே, அந்த வீட்டில் நீங்கள் இருக்கப்போவது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரு மாதமோ இரண்டு மாதமோ. எஞ்சிய நாட்களிலெல்லாம் அங்கே வாழப்போகிறவர்கள் உங்கள் மனைவியும், வயது முதிர்ந்த உம்மாவும், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளும். மனையைத் தேர்ந்தெடுத்த கண்கள் உங்களுடையவை. அதில் நடக்கப்போகும் கால்கள் அவர்களுடையவை. இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கடையநல்லூர், தென்காசி, வடகரை, புளியங்குடி என்று மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வரிசையாக அமைந்த நம் ஊர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அன்று முதல் வயல்களிலும் தோப்புகளிலும் மனைக்கல் நடுவது பெருகிவிட்டது. கம்பம், உத்தமபாளையம், மேட்டுப்பாளையம் வாசகர்களும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் படித்துக்கொள்ளலாம்; மலையடிவாரத்தின் குணம் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான்.

அந்தக் குணத்தில் முதலாவது தண்ணீர். மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்க நம் முன்னோர் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களை வெட்டினார்கள். மேல் குளம் நிரம்பினால் மறுகால் பாயும். அந்த நீர் ஓடை வழியாக அடுத்த குளத்தைச் சேரும். கோடையிலும் ஆனியிலும் அந்த ஓடை வெறும் பள்ளமாகத் தெரியும். சிலவேளை பள்ளமாகக்கூடத் தெரியாது; மண் நிரப்பிச் சமன் செய்து, நடுவில் முப்பது அடிச் சாலையும் போட்டிருப்பார்கள். ஆனால் நம் பக்கத்துச் சமவெளிக்குப் பெருமழை தருவது சாரல் மாதமன்று. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். விடுமுறை முடிந்து நீங்கள் விமானம் ஏறிய பின்னரே குளம் நிரம்பும். மறுகால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வரும்போது, அடுக்களைக்குள் நிற்பவர் உங்கள் மனைவி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. மலையடியிலோ பெருமழை ஊரில் பெய்யவேண்டும் என்பதுகூட இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலைக்குள் பெய்த மழை அடிவாரத்திற்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே ஆனியில் பிடித்துப்போன மனையை ஐப்பசியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வர இயலாவிட்டால் மைத்துனரோ அண்ணனோ பெருமழைக்கு மறுநாள் போய் நின்று பார்க்கட்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், கீழ்ப்பக்கத்து வயலில் வேலை செய்யும் முதியவர் ஒருவரைக் கேளுங்கள்: எந்தக் குளத்து மறுகால் இது, எங்கே போய்ச் சேரும் என்று. தரகரைவிட அவருக்குத் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். அவற்றில் ஓடை, வாய்க்கால், குளம் என்று குறிக்கப்பட்ட நிலம் எவ்வளவு மேடாக்கப்பட்டாலும் அரசின் கணக்கில் நீர்நிலைதான். குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்த நிலத்தில் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்பும் தீர்வை ரசீதும் இருந்தாலும் அவை அரணாகமாட்டா.

வெள்ளம் ஒரு பக்கம், குடிதண்ணீர் மறுபக்கம். மலை அருகில் இருக்கிறது, ஊற்றுக்கு என்ன குறை என்று எண்ண வேண்டாம். அடிவார நிலத்தின் கீழே கடும்பாறை. பாறையின் வெடிப்பில் நீர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பக்கத்து மனையில் இருநூறு அடியில் கிடைத்தது, உங்கள் மனையில் அறுநூறு அடி போனாலும் கிடைக்காமல் போகலாம். நகராட்சிக் குழாய் அந்தத் தெரு வரை வந்திருக்கிறதா, வந்திருந்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் தண்ணீர் விடுகிறார்கள் என்று அங்கே குடத்தோடு நிற்கும் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். சித்திரையில் எப்படி என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். ஆண்கள் கேட்டால் "பரவாயில்லை" என்ற விடைதான் வரும்.

மலையை ஒட்டிய தோப்புகளுக்கு யானை இறங்குவதும் உண்டு. வடகரை, மேக்கரைப் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. தென்னையும் வாழையும் மாவும் சூழ்ந்த மனை கண்ணுக்குக் குளிர்ச்சிதான். சுபுஹுக்கு முன் பால் வாங்கக் கதவைத் திறப்பவருக்கு அது வேறு விதம். அவ்வாறே, கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் கனரக வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையின் ஓரத்து வீடும் வேண்டாம். கடை வைப்பதற்கு அது நல்ல இடம். குழந்தை சாலையைக் கடந்து மதரஸாவுக்குச் செல்வதற்கு நல்ல இடமன்று.

இனி மனிதர்களைப் பற்றிப் பேசுவோம். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

புதிய மனைப்பிரிவுகளில் இருபது மனை விற்றிருக்கும். வீடு கட்டியவர் மூன்று பேர் இருப்பார். மற்றவர்களெல்லாம் விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்கள். வெற்று மனைகளில் கருவேலம் வளர்ந்துவிடும். தெருவிளக்கு இராது. இரவு இரண்டு மணிக்கு உம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் உங்கள் மனைவி யார் கதவைத் தட்டுவார்? ஆட்டோக்காரர் அந்த நேரத்தில் அங்கே வருவாரா? மகளுக்குப் பதினைந்து வயதாகும்போது, மாலை வகுப்பு முடிந்து பேருந்தை விட்டு இறங்கி எவ்வளவு தூரம், எந்த வெளிச்சத்தில் நடந்து வருவாள்? உறவினர் தெருவில் எட்டு அடி அகல வீட்டில் இருந்தபோது எழாத கேள்விகள் இவை. இருட்டானால் வெளியே போக வழியில்லாமல், தோட்டத்தோடு கூடிய பெரிய வீட்டில் அடைபட்டுப்போன பெண்களின் மனச்சோர்வு தொலைபேசியில் சொல்லப்படுவதில்லை. "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். நம் பெண்கள் அப்படித்தான்.

பள்ளிவாசலின் தூரத்தை ஆண்களின் நடையால் மட்டும் அளக்காதீர்கள். அந்த இடம் எந்த ஜமாஅத்தின் எல்லைக்குள் வருகிறது, புதிதாகக் குடியேறுவோரைச் சேர்த்துக்கொள்கிறார்களா, சந்தா என்ன என்று முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிக்காஹ் பதிவுக்கும் மையவாடிக்கும் நாளை அங்கேதான் போய் நிற்க வேண்டும். வாப்பாவின் ஜமாஅத்திலிருந்து விலகிப் புதிய இடத்தில் சேராமலும் இருந்த குடும்பத்தில் ஒரு மௌத்து நிகழ்ந்தால், சந்தூக்கு எந்தப் பள்ளியிலிருந்து வரவேண்டும் என்று அந்த நேரத்திலா பேசிக்கொண்டிருப்பது?

"முஸ்லிம்களுக்கு மட்டும், பள்ளிவாசல் வரவிருக்கிறது" என்று மனை விளம்பரங்களில் அச்சிடுகிறார்கள். வரவிருப்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கென்று காட்டப்படும் மனை ஜமாஅத்தின் பெயருக்குப் பதிவாகிவிட்டதா, வக்ஃபு செய்யப்பட்டுவிட்டதா என்று பத்திரத்தைக் கேளுங்கள். வழிபாட்டுத்தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். மனை விற்பவர் தாமாகவே வாக்களித்துவிடக் கூடிய பொருளன்று அது.

நம்மவர் மட்டுமே வாழும் தெருவில்தான் வீடு வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு உடன்பாடன்று. தொழுகைக்குப் பள்ளியும் பிள்ளைகளுக்கு மதரஸாவும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கட்டும். அதற்கு மேல், எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், பக்கத்தில் ஒரு செவிலியர் குடும்பமும் இருந்தால், அவர்கள் யாராக இருப்பினும், அது உங்கள் வீட்டாருக்குக் கிடைத்த பெரும் துணை. அண்டை வீட்டார் என்ற உரிமை முஸ்லிமல்லாதாருக்கும் உண்டு என்பதை நாம் அறிவோம். நோன்புக் கஞ்சியும் பொங்கல் கரும்பும் மதில் தாண்டிப் போய்வரும் தெருக்கள் நம் ஊர்களில் இன்றும் உள்ளன. அத்தகைய தெருவில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால், ஊருக்கு வெளியே உள்ள புது மனையைவிட அதற்கே நான் முதலிடம் தருவேன்.

ஆனால் பழைய வீட்டில் ஒரு கவனம் வேண்டும். வீட்டுக்குரியவர் மறைந்திருப்பார்; மகன்கள் இருவர் விற்க வருவார்கள். மகள்களுக்கும் விதவைத் தாய்க்கும் அதில் பங்கு உண்டு. "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்" என்ற பேச்சு அவளுடைய பங்கை அழித்துவிடாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் கையொப்பமிட்டால் மட்டுமே வாங்குங்கள். மற்றொருவரின் பங்கின் மேல் கூரை போட்டு அதன்கீழ் தொழுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். வாய்மொழியாக ஹிபா கொடுத்துக் கைவசமும் ஒப்படைத்திருந்தால் அது வில்லங்கச் சான்றிதழில் வராது. தெருவில் விசாரித்தால்தான் தெரியும். பள்ளிவாசலை ஒட்டிய சில வீடுகள் வக்ஃபு நிலத்தில் பகுதி செலுத்தி இருப்பவை. அவற்றின் அடிமனையை விற்க யாருக்கும் உரிமை இல்லை.

வட்டிக்கு அஞ்சி நம்மில் பலர் வங்கிக் கடன் வாங்குவதில்லை. அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. ஆயினும் இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடன் கொடுக்கும் வங்கி தன் வழக்கறிஞரைக்கொண்டு பத்திரங்களைச் சல்லடையிட்டுப் பார்க்கிறது. ரொக்கமாக வாங்குகிறவருக்கு அந்தச் சல்லடை இல்லை. பதினைந்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் கைமாறுகிறது; குறுக்கே நின்று கேட்க யாருமில்லை. எனவே விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவருக்கு நீங்களே கட்டணம் கொடுத்து மூலப் பத்திரம் முதல் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே பார்க்கலாம். மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெற்றதா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவாகியுள்ளதா? மலையோரக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் உண்டா? பட்டியலில் இருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டும். அங்கீகாரமற்ற மனையை "பின்னால் வரன்முறை செய்துகொள்ளலாம்" என்பார்கள். அத்திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைகளுக்காக 2017இல் வந்தது. நேற்று நட்ட கல்லுக்கு உரியதன்று.

நேரில் வர இயலாமல் அதிகார ஆவணம் அனுப்புவோர், அதை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தச் செய்யுங்கள். விற்பவர் தரப்பிலும் முகவர்தான் கையொப்பமிடுகிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பதிவுச் செலவாக, வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகையும் உண்டு. நாளெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் பெயரிலேயே வாங்குவதைப் பற்றியும் யோசியுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், மனைவியையும் உம்மாவையும் மஃரிபுக்குப் பின் ஒருநாள் அந்த இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்; காரில் வேண்டாம், பேருந்தில் இறங்கி நடந்து செல்லுங்கள். வழியில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துவிட்டே விமானம் ஏறுங்கள்.