உப்பளப் பெண்ணுக்கு யார் சொல்லித்தருவது?

தூத்துக்குடி மாவட்டத்தின் வேப்பலோடை, தருவைகுளம், ஆறுமுகநேரி உப்பளங்களில் உப்பு சுமக்கும் பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம் கிடைப்பது அரிது. கண்ணுக்கெட்டிய வரை பாத்தியும் வரப்பும்தான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, வருவதை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். முத்துக்குளித்த கரையில் ஆண்கள் மூச்சடக்கியதைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். இந்த அடக்கலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இதே பெண்களில் பிள்ளை பெற்ற பலருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தும்மினால், இருமினால், சுமையைத் தூக்கினால் சிறுநீர் சொட்டிவிடும். வயசானா அப்படித்தான் என்று மகளிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

அப்படித்தான் இல்லை. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசையைப் பயிற்சியால் தேற்றலாம் என்று அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-லேயே எழுதினார். சிக்கல் எங்கே என்றால், அந்தத் தசை கண்ணுக்குத் தெரியாது. மேலே இழுத்துச் சுருக்கச் சொன்னால், பலர் கீழ்நோக்கி முக்குகிறார்கள், அது கெடுதல். இதைக் காட்டிக்கொடுக்கத்தான் ‘பயோஃபீட்பேக்’. பிறப்புறுப்பில் வைக்கும் சிறு உணரி தசையின் அசைவை அறிந்து, திரையில் கோடாகக் காட்டும். சரியாகச் சுருக்கினால் கோடு ஏறும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் சிறுநீர்க் கசிவுள்ள 600 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. இரு பிரிவினருக்கும் சிகிச்சையாளர் நேரில் பயிற்சி தந்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகக் கருவி. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், கசிவின் கடுமையில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தசையைச் சுருக்கவே தெரியாத பெண்களுக்குக் கருவி உதவலாம். மற்றவர்களுக்கு, பரிசோதித்துச் சொல்லித்தரும் ஒரு பிசியோதெரபிஸ்ட் போதும். பிரிட்டனின் வழிகாட்டுதல் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: குறைந்தது மூன்று மாதம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுச் சுருக்கங்கள். உப்புச் சட்டியைத் தூக்குவதற்கு முந்தைய நொடியில் தசையை இறுக்கிக்கொள்வதும், மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி தூக்குவதும் கசிவைக் குறைக்கும்.

ஆகவே மருத்துவமனைக்கு விலையுயர்ந்த கருவி வாங்கித் திறப்புவிழா நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறது. பக்கவாதம் வந்தவரின் கையை நீட்டி மடக்கப் போகிறவர், பெண் பிசியோதெரபிஸ்டாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதையும் சொல்லித்தர முடியும்.

உப்பளத்தில் கழிப்பறை கட்டுவது தனிக் கடமை. அது இல்லாமல் பயிற்சி மட்டும் பாதி வைத்தியம். தண்ணீர் குடிக்காத உடம்பில் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு வீடாகப் போகும் பெண் ஊழியரின் கேள்விகளில் இன்னொன்றையும் சேருங்கள்: “இருமுனா ஒண்ணுக்குச் சொட்டுதாம்மா?”